நாய்க்குட்டியும் ஒரு சோப்புத் துண்டும்
(ஆசிரியர் பயிற்சி முகாமில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், கடையில் வாங்கி ஒரு வாரமே ஆன நாய்க்குட்டியோடு என்னிடம் வந்தார். குட்டி துள்ளி விளையாடியது. "இது நல்லாத்தான் இருக்கு டாக்டர். என் மகளுக்குத்தான் ரத்தத்தோட பேதி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்றார். பரிசோதித்தபோது சிறுமியின் மலத்திலும் குட்டியின் மலத்திலும் கேம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியா இருந்தது. "நோயே இல்லாத குட்டி எப்படி டாக்டர் நோய் கொடுக்கும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தப் பாக்டீரியா நாயின் குடலில் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கி, மலத்தோடு வெளியேறும். பல இடத்துக் குட்டிகளை ஒரே கொட்டிலில் அடைத்து வைத்தால், ஒன்றிடமிருந்து மற்றவற்றுக்கு எளிதில் பரவும். குட்டியைத் தொட்ட கை கழுவாமல் வாய்க்குப் போனால் நமக்கும் வரும். இரண்டு முதல் ஐந்து நாளில் வயிற்றுவலி, பேதி, காய்ச்சல் தொடங்கும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். அரிதாகச் சிலருக்கு நரம்பு பாதித்து, கைகால் தளர்ந்துபோவதும் உண்டு.

அமெரிக்காவில் 2016 தொடங்கி 2018 பிப்ரவரி வரை, 18 மாநிலங்களில் 118 பேர் இப்படி நோயுற்றார்கள். அவர்களில் 29 பேர் செல்லப்பிராணிக் கடை ஊழியர்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அந்தக் கிருமி கட்டுப்படவில்லை. கடைப் பதிவேடுகளைப் பார்த்தபோது, 149 குட்டிகளில் 142க்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நோய் வராமல் தடுப்பதற்காக மட்டுமே மருந்து பெற்றவை. தேவையின்றிக் கொடுக்கும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகளையே வளர்த்துவிடும்.

நாயைக் கண்டு பயப்படும்படி பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள். நாயைத் தொட்டால், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முகத்தை நக்க விடக் கூடாது. மலத்தைப் பெரியவர்கள்தான் அள்ள வேண்டும். இவை போதும். பேதியோடு வரும் பிள்ளையின் பெற்றோரிடம், வீட்டில் புதுக் குட்டி இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மீந்த ஆன்டிபயாடிக்கைத் தாங்களாகவே கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அந்தச் சிறுமி நலமாகிவிட்டாள். "குட்டியைத் திருப்பிக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டார் தந்தை. "வேண்டாம். குழாயடியில் ஒரு சோப்பு வையுங்கள்" என்றேன். உங்கள் பள்ளிக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று நாளைக் காலை ஒருமுறை பாருங்கள்.