பழிவாங்கப் புறப்படும் பிள்ளையிடம் என்ன கேட்பது?

 

1982 மார்ச் 1 அன்று நம் மாவட்டத்து மண்டைக்காட்டில் மூண்ட இந்து – கிறிஸ்தவக் கலவரத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் உயிரிழந்தனர். கலவரம் சுற்றுக் கிராமங்களுக்கும் பரவிற்று. நீதிபதி வேணுகோபால் ஆணையம் பின்னர் அதனை விசாரித்தது. அந்நாட்களில் குன்றக்குடி அடிகளார் இங்கு வந்து இரு தரப்பினரையும் சந்தித்துப் பேசினார். சைவ மடத்தின் தலைவர் ஒருவர் மீனவக் கிறிஸ்தவர்களிடமும் சென்று பேசியது சிறிய செயலன்று.

ஊர்ப் பகையை அடக்கப் பெரியவர்கள் வருவார்கள். ஆனால் அதற்கு முந்தைய இரவில், பழிவாங்கத் துடிக்கும் பிள்ளையிடம் பேச வேண்டியவர் வாப்பாவும் உம்மாவும்தான்.

உளவியலாளர்கள் இன்று ‘கோச்சிங்’ என வழங்கும் முறை இதற்கு உதவும். அறிவுரையைக் குறைத்து, கேள்விகளால் ஒருவர் தம் முடிவைத் தாமே கண்டடையச் செய்வது அது. விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைச் சுற்றியிருந்தோர் அதட்டினர். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் அமர்த்தி, இதை உம் தாய்க்கு விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னவர் அந்த இளைஞரே. முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி உள்ளது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கத்திக்குத்து பெருகியபோது, 2005இல் காவல்துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2015இல் அதன் பங்களிப்போடு தொடங்கிய திட்டத்தில், பணியாளர்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காயத்தோடு கிடப்போரைச் சந்திக்கத் தொடங்கினர். இவர்கள் காவலர்கள் அல்லர். வலியோடு படுத்திருக்கும் அந்நேரத்தில்தான் மனம் மாற்றத்திற்குத் திறந்திருக்கும் என்பது அவர்களின் கணிப்பு.

உங்கள் மகன் கடைத்தெருவில் அடிபட்டு வந்து நண்பர்களைத் திரட்டுகிறான் என வைத்துக்கொள்ளுங்கள். ‘பேசாமல் கிட’ என்று வாப்பா சத்தம் போட்டால் பின்வாசல் வழியே போய்விடுவான். அவனை உட்கார வையுங்கள். கோபத்தில் நிற்பவர் அமரட்டும் என்பது நபிவழி. நடந்ததை இடைமறிக்காமல் கேளுங்கள். பிறகு, ‘நீ போய் அடித்தால் நாளைக் காலை என்ன நடக்கும்? உன்னோடு வருபவனுக்கு ஏதும் ஆனால் அவன் உம்மாவிடம் யார் பதில் சொல்வது?’ என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். கடினமானது அந்த மௌனமே. கேள்வியையும் கேட்டு, பதிலையும் நாமே சொல்லிவிடுவதுதான் நம்மில் பலரது வழக்கம்!

கையில் ஆயுதம் எடுத்துவிட்டவனிடம் கேள்விக்கு நேரமில்லை. அவனைத் தடுக்க வேண்டும், தேவையெனில் காவல்துறையை அழைக்க வேண்டும். மனைவியை அடிப்பவன் விஷயத்திலும், அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பிறகே அவனிடம் பேச்சு.

அன்றிரவு அடங்கிய கோபம், யாரோ அனுப்பும் ஒரு கைபேசிச் செய்தியால் மீண்டும் மூளலாம். எனவே மறுநாள் ஃபஜ்ருக்கு மகனை உடன் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள்.