புதிதாக வருபவனை எங்கே இறக்குவது?

(நம் குடியிருப்பின் கோடை ஒன்றுகூடலில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, பெரியவர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து போனை மறைத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

"செல்போன் விளையாட்டைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அம்மா சொன்னார். ஆதரித்துப் பேசணுமா, எதிர்த்துப் பேசணுமா என்று கேட்டேன். "ரெண்டும் வேணாம். மாடிப்படியில கத்துறது குறைஞ்சா போதும்" என்றார். அதனால் நான் பேசப்போவது ஒரே ஒரு விஷயம். இந்த விளையாட்டுக்குள் ஒரு நண்பனை அழைத்து வருகிறோமே, அதை எப்படிச் செய்வது என்பது.

விளையாட்டு எதுவென்று பிள்ளைகளுக்குத் தெரியும், பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். 2018இல் பப்ஜி மொபைல் வந்தபோது நான் கல்லூரி முதலாம் ஆண்டு. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் அதுவும் போனது. 2021 ஜூலையில் தென்கொரியாவின் க்ராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. மறு வருஷமே அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது. நூறு பேர் வரை விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிப்பார்கள். ஆடும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் எந்த அணி மிஞ்சுகிறதோ அது ஜெயித்தது. நாலு பேர் ஓர் அணி. இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. அந்த "காசு இல்லை" என்பதற்குப் பிறகு வருகிறேன்.

போன லீவில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். "தம்பி, எம் பையன் கீழயே இறங்க மாட்டேங்குறான். முதல் வாரம் உங்க பசங்களோட கிரிக்கெட் ஆடினானே, என்னாச்சு?" என்றார். விசாரித்தேன். கிரிக்கெட்டில் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி நம் பையன்கள் அவனைக் குழுவில் சேர்த்து நேராகப் பொச்சின்கியில் இறக்கியிருக்கிறார்கள். பொச்சின்கி என்பது தீவின் நடுவில் இருக்கும் ஊர். நம் ஊர் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட் நேரத்து மகாத்மா காந்தி வீதி மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் இருப்பான். துப்பாக்கியை எப்படி எடுப்பது என்று தேடுவதற்குள் அவன் விழுந்துவிட்டான். மீதி இருபத்தைந்து நிமிஷமும் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு, மைக்கில் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். மூன்று நாள் இதுவே நடந்தது. நாலாம் நாள் குழுவிலும் இல்லை, கீழே கிரிக்கெட்டிலும் இல்லை. ஊருக்குப் புதுசாக வந்த பிள்ளைக்கு அந்தப் பத்துப் பேரை விட்டால் வேறு யாரும் கிடையாது. பதின்மூன்று வயசு.

திட்டியவர்கள் கெட்ட பையன்கள் இல்லை, அவர்கள் யாரென்று இங்கே சொல்லவும் போவதில்லை. ஆடத் தெரிந்தவனுக்குத் தனக்கு எதுவெல்லாம் தெரியும் என்பது மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். திரைக்கு மேலே திசை காட்டும் பட்டை ஒன்று ஓடும். "நூத்தம்பதுல ஒருத்தன்!" என்று கத்துகிறோம். அந்த நூற்றைம்பது ஒரு திசைகாட்டி அளவு என்று புதியவனுக்கு யார் சொன்னார்கள்? ஜோன், லூட், நாக், ரிவைவ் எல்லாமே அவனுக்குக் காதில் விழும் சத்தம், அவ்வளவுதான்.

நம் ஊரில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் தாத்தாக்கள் ஆடும் பெத்தாங்க் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். இரும்புக் குண்டை வீசி, சின்ன மரக் குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பதின்மூன்று புள்ளி எடுத்தால் ஜெயம். அது பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்ஸின் தெற்கே லா சியோத்தா என்ற கடலோர ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்கே பழைய குண்டு விளையாட்டில் சில அடி ஓடி வந்து தூரமாக வீச வேண்டும். ழூல் லெனுவார் என்பவர் நன்றாக ஆடியவர், வாத நோய் வந்து ஓட முடியாமல் போனது. அவரும் ஆடட்டும் என்று தூரத்தைக் குறைத்து, ஒரு வட்டத்துக்குள் கால் ஊன்றி நின்றபடியே வீசலாம் என்று மாற்றிக்கொண்டார்கள். கால் ஊன்றி நிற்பது என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். ஒருத்தரை வெளியே விடக் கூடாதென்று மாற்றிய விதி, இன்றைக்கு உலகம் பூரா ஆடும் விளையாட்டு. பிஜிஎம்ஐயின் விதியை நம்மால் மாற்ற முடியாது. எங்கே இறங்குவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அந்தத் தம்பியோடு நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் நாள் போட்டியே இல்லை. பயிற்சி மைதானம் மட்டும். துப்பாக்கி எடுப்பது, குனிவது, இயர்போனில் காலடிச் சத்தம் இடமா வலமா என்று கேட்பது. அடுத்து நாலுக்கு நாலு அணிப் போட்டி. அதில் விழுந்தாலும் சில விநாடிகளில் எழுந்து திரும்ப ஆடலாம். கற்றுக்கொள்பவனுக்குத் திரும்பத் திரும்ப விழ இடம் வேண்டுமே! பெரிய தீவுக்கு அதற்கப்புறம்தான் போனோம், அதுவும் ஓரமான இடமாகப் பார்த்து. முதல் சில ஆட்டங்களை அவன் தனியாக ஆடட்டும் என்று விட்டேன். ஆரம்ப நிலையில் எதிரே வருபவர்களில் பல பேர் கணினி இயக்கும் பொம்மைகள்தான். நம்மைப் போலப் பழகியவன் கூடச் சேர்ந்தால் எதிராளியும் பழகியவனாக வந்துவிடுவான்.

அணியில் ஒருவன் அடிபட்டால் உடனே செத்துவிட மாட்டான், தவழ்ந்துகொண்டிருப்பான். இன்னொருவன் பக்கத்தில் போய்ச் சில விநாடி அசையாமல் உட்கார்ந்தால் தூக்கிவிடலாம். அந்த நேரத்தில் இவனையும் யாராவது சுட்டுவிடலாம். நம் பையன்களில் ஒருத்தன் அன்றைக்கு ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கப் போனான். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்! மைக்கில் ஒரே சிரிப்பு. மறுநாள் சாயங்காலம் அந்தத் தம்பி பேட்டோடு கீழே நின்றான்.

இப்போது காசு. ஆட்டத்துக்குக் காசு இல்லை, ஆனால் உள்ளே கடை இருக்கிறது. யூசி என்ற அவர்கள் நாணயத்தை நம் ரூபாயில் வாங்கி, சட்டை, துப்பாக்கிக்கு மினுக்கு, என்ன வருமென்று தெரியாத பெட்டி எல்லாம் வாங்கலாம். பெட்டி திறக்கும் சமாச்சாரத்தில் லாட்டரி வாசனை அடிக்கிறது என்பது என் அபிப்பிராயம். புதியவனுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இது எதுவும் இல்லாமலே ஆடலாம்" என்பதுதான். சாதாரணச் சட்டை போட்டவனைக் கேலி செய்தால் அவன் அப்பா போனிலிருந்து யூபிஐ பறக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், ரூ.7,000 வரைதான் என்று 2021இலேயே நிறுவனம் உச்சவரம்பு வைத்தது. நம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நினைத்துக்கொண்டு அந்த ஏழாயிரத்தைப் பாருங்கள்.

"இது ரம்மி மாதிரிதானே, தமிழ்நாட்டில் சட்டம் வந்துடுச்சே" என்று போன கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார். தமிழ்நாட்டுச் சட்டம் கோரிமேடு எல்லையோடு நின்றுவிடும் ஐயா, நாம் யூனியன் பிரதேசம். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுக்க. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளை அது தடை செய்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் தனியாக வைத்திருக்கிறது. ஆகவே, "நூறு ரூபாய் கட்டு, ஜெயிச்சா ஐந்நூறு" என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டி நடத்தினால், அதற்கு மட்டும் நண்பனைக் கூப்பிடாதீர்கள். நீங்களும் போகாதீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை சமுதாயக் கூடத்தைக் கேட்டிருக்கிறேன், தலைவர் ஐயா சரி என்றிருக்கிறார். நாலுக்கு நாலு மட்டும்தான். இதுவரை ஆடாதவர்களுக்கு முதல் இடம், பெரியவர்களும் வரலாம். இயர்போன் கொண்டு வாருங்கள். பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வர வேண்டும், பெற்றோர் சம்மதத்துக்கான ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் வரும். கத்துவதானால் கூடத்துக்குள்ளேயே கத்திக்கொள்ளலாம், கதவைச் சாத்திவிடுகிறோம்.