இராமையாவின் குடிசையும் எங்க தெருவும்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், ஆவணப்படத் திரையிடலுக்குப் பின் பேசியது)



பாரதி கிருஷ்ணகுமாரின் 'இராமையாவின் குடிசை' இப்போதுதான் முடிந்தது. விளக்குப் போட்டதும் யாரும் கை தட்டவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

1968 டிசம்பர் 25, கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலச்சுவான்தார்களின் ஆட்கள் புகுந்தார்கள். ஓடி ஒளிந்தவர்களைக் குடிசையோடு வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நான் இங்கே மூணு வருஷம் படித்தேன், எந்த வகுப்பிலும் இது காதில் விழவில்லை.

நெருப்பை விட எனக்குத் தாங்காதது பிறகு நடந்ததுதான். விவசாயிகளுக்குள் மோதல் என்கிற தோரணையில் செய்தி போட்ட பத்திரிகைகள் உண்டு. நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970-ல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலரைத் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. காரணம் என்ன தெரியுமா? ஏராளமான நிலமும், காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். அதே இரவில் நிலச்சுவான்தார் தரப்பில் ஒருவர் இறந்ததற்குத் தொழிலாளர்களுக்குத் தண்டனை விழுந்தது. அதை நம்புவதில் கோர்ட்டுக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

ராயபுரத்துக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். 1994-ல் என் தம்பி ரெண்டாவது ஷிப்ட் முடித்து, கல்மண்டபம் வழியா வந்துகிட்டிருந்தான். சந்தேகக் கேஸ் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். கேட்டது ரெண்டே கேள்வி: எந்தத் தெரு, அப்பா என்ன வேலை? ஹார்பரில் மூட்டை தூக்குறார் என்றான். மூணு நாள் உட்கார வைத்து, வேற ஆள் கிடைத்ததும் விட்டார்கள். அதற்குள் ஒரு பேப்பரில் 'வழிப்பறி கும்பல் சிக்கியது' என்று பேரோடு வந்துவிட்டது. விட்டது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. எங்கம்மா அந்தப் பேப்பரை அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். எதுக்கும்மா என்றால், "நாளைக்கு அவங்களே தப்புன்னு போடுவாங்க, அப்ப பக்கத்துல வச்சுப் பாக்க வேணாமா" என்பார். 2009-ல் அம்மா போனார். பேப்பர் இப்போது என் பீரோவில் இருக்கு.

தம்பிகளுக்கு ஒரு விஷயம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பிலேயே இருக்கு. 1996-ல் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் மேலும் சொன்னது: கைது செய்கிறவர் சட்டையில் பேர் இருக்கணும், தேதியும் நேரமும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுதணும், அதில் ஒரு சாட்சி கையெழுத்துப் போடணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும். 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இது இருக்கு. எங்க தெருவில் இதைத் தெரிந்து வைத்திருந்தவர் அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான். நான் அப்போது பட்டதாரி.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மிச்சத்தை டீ குடிக்கும்போது பேசலாம்.