பெருந்தமனியும் பெருங்கவலையும்



மனிதனுக்கு உண்டாகும் துன்பங்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வந்துவிட்ட துன்பம். மற்றொன்று, வரக்கூடும் என்று எண்ணி அஞ்சும் துன்பம். வந்துவிட்ட துன்பத்துக்கு உருவம் உண்டு, எல்லையும் உண்டு. கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். காய்ச்சல் கண்டால் மருந்து உண்கிறோம். வரக்கூடிய துன்பத்துக்கோ உருவமும் இல்லை, எல்லையும் இல்லை. அது நாளையே வருமா, பத்தாண்டு கழித்து வருமா, வராமலே போய்விடுமா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. அத்தகைய ஒன்றை உடம்பிலேயே வைத்துக்கொண்டு வாழ்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது நான் நூலில் மட்டும் கற்ற பாடம் அன்று. 2019-ஆம் ஆண்டு முதல் என் நெஞ்சுக்குள்ளேயே நடந்து வரும் பாடம். என் பெருந்தமனி விரிந்திருக்கிறது.

பெருந்தமனி என்பது யாது? மருத்துவர்கள் அயோர்ட்டா என்று சொல்லும் இக்குழாயே நம் உடம்பில் உள்ள இரத்தக் குழாய்கள் அனைத்திலும் பெரியது. இதயத்தின் இடக் கீழறையிலிருந்து புறப்பட்டு, மேலே ஏறி, கைத்தடியின் பிடியைப் போல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. கொப்பூழின் அளவில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கிறது. மூளைக்கும் கைகளுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் கிளைகள் எல்லாம் இதிலிருந்தே பிரிகின்றன. நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதுகூட நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதாவது ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல். அத்தனையும் இந்த ஒரு வாயிலின் வழியாகவே செல்ல வேண்டும்.

பெருந்தமனியை வெறும் குழாய் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு துடிப்பின்போதும் அது சற்றே விரிந்து, பிறகு சுருங்குகிறது. இந்த மீள்தன்மையால்தான், விட்டு விட்டுப் பாயும் இரத்தம் தொடர்ந்து ஓடும் ஓட்டமாகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழுவதைக் கண்டார். 1733-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். தமனிகளின் மீள்தன்மையை அக்காலத்துத் தீயணைக்கும் பொறியின் காற்றறைக்கு அவர் ஒப்பிட்டார். பொறியின் தண்டு விட்டு விட்டு இயங்கினாலும், காற்றறை இருப்பதால் நீர் இடைவிடாமல் பீறிடும். நம் பெருந்தமனி செய்யும் வேலையும் அதுவே.

இந்த மீள்தன்மையைத் தருவது எலாஸ்டின் என்னும் நார்ப்பொருள். அதில் பெரும்பகுதி இளமையிலேயே உருவாகிவிடுகிறது. முதுமையில் தேய்ந்ததை ஈடுசெய்ய உடம்பால் பெரிதும் இயலுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தமனிச் சுவர் தளர்கிறது. உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் அத்தளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே குறை உண்டு. பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இரண்டே இதழ்கள் அமைகின்றன. அவர்களுள் பலருக்குத் தமனியும் விரிகிறது. 1896-இல் அந்துவான் மார்ஃபான் என்ற பிரெஞ்சு மருத்துவர் விரல்களும் கைகால்களும் மிக நீண்ட ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் வழங்கும் பிறவிக் குறை உடையோருக்கு இளமையிலேயே பெருந்தமனி விரியக்கூடும். அக்குறை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

எனக்குக் குடலிறக்க அறுவை செய்வதற்கு முன் வழக்கமான சோதனையாக எக்கோ எடுத்தார்கள். ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை அது. வலி, மூச்சுத்திணறல் எதுவும் எனக்கு இல்லை. ஆனால் ஏறுமுகத் தமனி 42 மில்லிமீட்டர் என்று தாளில் எழுதியிருந்தது. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 30 முதல் 35 மில்லிமீட்டர் அளவிலும், உடலமைப்புக்கு ஏற்பச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். அண்மைச் சோதனையில் என் அளவு 44. இந்நோயின் இயல்பே இதுதான்: பெரும்பாலும் ஓசையின்றி இருக்கும். அபாயம் எப்போதென்றால், சுவர் கிழியும்போதும் வெடிக்கும்போதும்தான்.

விரிந்த குழாய்க்கு அபாயம் ஏன் மிகுதி? இதற்கு விடை உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. நீண்ட பலூன் ஒன்றைப் பாதி ஊதுங்கள். ஒரு பகுதி உப்பும். வால் பகுதி ஒல்லியாகவே நிற்கும். உள்ளே காற்றின் அழுத்தம் எங்கும் ஒன்றுதான். ஆயினும் உப்பிய பகுதியைத் தொட்டால் விறைப்பாக இருக்கும். வாலைத் தொட்டால் தொய்வாக இருக்கும். குழாய்ச் சுவரின் இழுவிசை என்பது அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிவரும் தொகை. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதி இது. குழாய் 30 மில்லிமீட்டரிலிருந்து 45 ஆக விரிந்தால், அழுத்தம் மாறாதிருக்கும்போதே சுவரின் சுமை ஒன்றரை மடங்காகிறது. சுவர் மெலிவதால் உண்டாகும் கேடு வேறு.

இக்கணக்கு எனக்கு முதலில் அச்சத்தைத் தந்தது. ஆனால் அதே கணக்கே ஆறுதலையும் தந்தது. பெருக்கலில் இரண்டு எண்கள் உள்ளன அல்லவா? ஆரம் என் கையில் இல்லை. அழுத்தம் பெரும்பாலும் என் கையில் இருக்கிறது. 150 ஆக இருந்த என் இரத்த அழுத்தத்தை 120-க்குக் கொண்டுவந்தால், சுவரின் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மழைக்காலத்தில் கண்மாய்க் கரை பலவீனமாகத் தெரிந்தால், ஊரார் கரைமேல் நின்று அழுதுகொண்டிரார். மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைப்பர். முறைவைத்துக் கரையைச் சுற்றி வருவர். நான் செய்துவருவதும் இவ்விரண்டுதான்.

மதகு என்பது மருந்தும் ஒழுக்கமும். நாள்தோறும் ஒரே நேரத்தில் மாத்திரை. உணவில் உப்பைக் குறைத்தல். காலையில் நிதானமான நடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரும் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென மிக உயர்கிறது. ஆதலால் தண்ணீர்க் குடமும் அரிசி மூட்டையும் இப்போது என் மகன் பொறுப்பு. சிலவகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இத்தகையோருக்கு ஆகா என்று 2018-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவேன்.

கரையைச் சுற்றி வருதல் என்பது குறித்த காலத்தில் அளவெடுத்தல். 55 மில்லிமீட்டரை நெருங்கும்போது பொதுவாக அறுவை பற்றி முடிவு செய்வர். பிறவிக் குறை உடையோருக்கு அதற்கும் முன்பே செய்வர். ஓராண்டு என் அளவு 43 என்றும், அடுத்த ஆண்டு 42 என்றும் வந்தது. தமனி சுருங்கிவிட்டதா? இல்லை. எந்த அளவையிலும் பிழை உண்டு. இச்சோதனையில் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலும் குறைவும் இயல்பு. ஆய்வுக்கூடத்தில் ஒரே கம்பியை மூவர் அளந்தால் மூன்று விடை வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அளவைப் பிழையை அறிந்தவன் ஒரு மில்லிமீட்டருக்காக உறக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

ஆயினும் அறிவு வேறு, இரவு வேறு. தொடக்கத்தில் தலையணையில் காதை வைத்தால் நாடித் துடிப்பு கேட்கும். ஒவ்வொரு துடிப்பும் சுவரை இடிப்பதாகத் தோன்றும். முதுகில் சிறு பிடிப்பு வந்தாலும் இதுதானோ என்று மனம் பதறும். என் தந்தையார் 1987-இல், 58-ஆம் வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. மாரடைப்பு என்றனர். உண்மையில் அது எதுவென்று இனி அறிய வழியில்லை. அந்நினைவும் இரவில் வந்து உட்காரும்.

பள்ளிக்கூடத்தை நடத்தியவனுக்குத் தெரிந்த வழி கால அட்டவணைதான். கவலைக்கும் ஒரு பாடவேளை ஒதுக்கினேன். மாலை ஐந்து முதல் ஐந்தரை வரை. அந்நேரத்தில் அஞ்சுவன எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவேன். பக்கத்தை இரண்டாகக் கிழித்த கோட்டின் இடப்புறம் என்னால் ஆவன. வலப்புறம் என்னால் ஆகாதன. இடப்புறத்தில் உள்ளவற்றை மறுநாளே செய்துவிடுவேன். வலப்புறத்தில் உள்ளவற்றின் கீழ்த் தேதியிட்டு ஏட்டை மூடிவிடுவேன். நள்ளிரவில் கவலை கதவைத் தட்டினால், "உன் வேளை மாலை ஐந்து மணி" என்று சொல்லிப் பழகினேன். ஒரே நாளில் அது அடங்கிவிடவில்லை. சில மாதங்கள் ஆயின. இரவில் கைபேசியைத் திறந்து நோய்ச் செய்திகளைத் தேடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். ஐயம் எழுந்தால் எழுதிவைத்து மருத்துவரிடமே கேட்பேன்.

அஞ்சத் தக்கதற்கு அஞ்சி ஆயத்தமாக இருத்தலும் வேண்டும். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற கடும் வலி திடீரெனத் தோன்றினால், வாயுப் பிடிப்பு என்று கஷாயம் வைத்துக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டில் அனைவருக்கும் சொல்லியிருக்கிறேன். என் நோய், மருந்து, அளவு ஆகியவை எழுதிய தாள் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். வேண்டிய ஏற்பாட்டைச் செய்தபின் அச்சம் பாதியாகிவிட்டது.

ஆல்பர்ட் ஐன்ஸ்டைனை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவருக்கு வயிற்றுப் பகுதியில் இதே பெருந்தமனி வீங்கியிருந்தது என்பதைப் பலர் அறியார். 1948-இல் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் அவ்வீக்கத்தைச் சுற்றி செல்லஃபேன் தாளைப் போர்த்தினார். அக்காலத்தில் அதைவிடச் சிறந்த வழி இல்லை. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஐன்ஸ்டைன் வாழ்ந்தார். அவ்வாண்டுகளிலும் ஆராய்ச்சியை விடவில்லை. இறுதியில் மருத்துவமனைப் படுக்கையிலும் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கினார். 1955 ஏப்ரல் 18-இல் அவ்வீக்கம் வெடித்தே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 76.

அவர் காலத்திலேயே மருத்துவம் மாறத் தொடங்கிவிட்டது. மைக்கேல் டிபேக்கி என்ற அமெரிக்க மருத்துவர் துணிக் கடையில் டேக்ரான் துணி வாங்கி, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். பழுதான தமனிக்குப் பதிலாக அத்தகைய குழாயைப் பொருத்தும் முறை உலகெங்கும் பரவியது. காலத்தின் விந்தையைப் பாருங்கள்: 2005 டிசம்பரில், 97-ஆம் வயதில், டிபேக்கியின் பெருந்தமனியே கிழிந்தது. அவர் வளர்த்த கலையே 2006-இல் அவரைக் காப்பாற்றியது. பின்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 2008-இல் 99-ஆம் வயதில் மறைந்தார்.

இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். என் மகனும் மகளும் சோதித்துக்கொண்டனர், குறையில்லை. என் தம்பி மட்டும் ஓராண்டு தட்டிக்கழித்தான். "அண்ணே, தெரியாமல் இருப்பதுதான் நிம்மதி" என்றான். "தம்பி, நம் அப்பாவுக்கும் தெரியாமல்தான் இருந்தது" என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. மறு வாரம் போய்ச் சோதித்துக்கொண்டான். அவனுக்கு 41 மில்லிமீட்டர். அன்று எங்கள் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. ஆனால் முப்பதாண்டுப் புகைப்பழக்கத்தை அவன் அன்றே விட்டான். இப்போது இருவரும் ஒரே நாளில் சோதனைக்குப் போகிறோம். திரும்பும்போது ஒன்றாகக் காப்பி அருந்திவிட்டு வருகிறோம்.

இளையோராகிய உங்களுக்கு இவற்றை ஏன் சொல்கிறேன்? 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கைப்பந்து அணிக்காக விளையாடி வெள்ளிப் பதக்கம் பெற்ற ஃப்ளோ ஹைமன், ஆறடிக்கு மேல் உயரமுள்ள வீராங்கனை. 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு போட்டியின்போது சாய்ந்து உயிரிழந்தார். மார்ஃபான் குறை அவருக்கு இருந்தது பிறகே தெரிந்தது. அதன்பின் அவர் சகோதரரைச் சோதித்தபோது, அவருக்கும் பெருந்தமனியில் கோளாறு இருப்பது கண்டு அறுவை செய்தனர். உங்கள் குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், பெற்றோரிடம் சொல்லி ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். உயரமாக இருப்போர் எல்லாம் அஞ்ச வேண்டும் என்பது இதன் பொருள் அன்று.

உங்களுக்கும் வரக்கூடிய துன்பங்கள் உண்டு. தேர்வு, வேலை, வீட்டின் வறுமை என்று அவை பலவாக இருக்கலாம். அவற்றையும் முதலில் அளந்து பாருங்கள். அளவைப் பிழை எவ்வளவு என்று கேளுங்கள். பெருக்கலில் எந்த எண் உங்கள் கையில் இருக்கிறது என்று தேடுங்கள். அதைக் குறைக்க இன்றே முயலுங்கள். கவலை உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமாயின், ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியும் கிடைக்கிறது.

மாலை ஐந்தரைக்குக் குறிப்பேட்டை மூடியதும், எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் சில பிள்ளைகள் கணக்குப் புத்தகத்துடன் வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லி முடிக்கையில் இரவு எட்டாகிவிடும். அந்த இரண்டரை மணி நேரத்தில் என் பெருந்தமனி பற்றிய நினைவு எனக்கு வருவதே இல்லை. கவலைக்கு அறிவு ஒரு மருந்து. ஏற்பாடு ஒரு மருந்து. பிறருக்குப் பயன்படும் வேலை மூன்றாவது மருந்து. மூன்றையும் சேர்த்தே உண்ண வேண்டும்.