தோட்ட வீட்டிற்கு வரும் விருந்தினர்

(கடலோர ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நகரத்துக் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் விவசாயியின் தோட்டத்தில் வந்து தங்குவதும், அதற்கு வாடகை கொடுப்பதும் இன்று பல இடங்களில் நடந்து வருகின்றன. நமது வட்டாரத்திலும் ஒரு நண்பர் என்னிடம் வந்து, "தென்னந்தோப்பில் உள்ள பழைய வீட்டைப் புதுப்பித்து விருந்தினரைத் தங்க வைக்கலாமா?" என்று கேட்டார். மற்றொருவர், "தோப்பை வெட்டிவிட்டு இருபது அறைகள் கட்டினால் என்ன?" என்று கேட்டார். இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் முன்னது விவசாயத்தைக் காப்பது. பின்னது விவசாயத்தைக் கைவிடுவது. இவ்வேறுபாட்டை உங்கள் முன் வைப்பதே என் பேச்சின் நோக்கம்.

ஏட்டில் படித்ததை மட்டும் கூற நான் வரவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், மகாராஷ்டிர மாநிலத்தின் தென்கோடியில் உள்ள சிந்துதுர்க் மாவட்டத்திற்கு மனைவியுடனும் இரு குழந்தைகளுடனும் சென்றிருந்தேன். கொங்கண் இருப்புப்பாதை வழியே குடால் நிலையத்தில் இறங்கி, வெங்குர்லாவுக்கு அருகில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் மூன்று நாட்கள் தங்கினோம். முந்திரி பயிரிடுவோருக்கு வெங்குர்லா என்ற பெயர் புதிதன்று. அங்குள்ள பழ ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முந்திரி ரகங்கள் அவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளன. சிந்துதுர்க் 1997இல் சுற்றுலா மாவட்டமாக அறிவிக்கப்பட்ட மாவட்டமுமாகும்.

தோட்டத்திலிருந்து கடற்கரை நடந்து செல்லும் தூரந்தான். பள்ளத்தில் தென்னையும் பாக்கும், மேட்டில் மாவும் முந்திரியும் இருந்தன. முன்பு வைக்கோலும் தானியமும் வைத்திருந்த செம்புறைக்கல் கட்டடத்தையே இரண்டு அறைகளாகத் தடுத்திருந்தனர். நாட்டு ஓடு, கட்டில், கொசுவலை, மின்விசிறி, தூய்மையான கழிப்பறை. இவற்றுக்கு மேல் எதுவும் இல்லை. "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நான் முதலில் எண்ணியது உண்மை.

மறுநாள் விடியற்காலையில் அந்த எண்ணம் மாறியது. ஹாபூஸ் மாம்பழ அறுவடை நடந்துகொண்டிருந்தது. நீண்ட கழியின் நுனியில் வலைப்பையும் கத்தியும் பொருத்திய கருவியால் காய்களைப் பறித்தனர். சிறிது காம்பு விட்டுப் பறித்தால்தான் பால் வடிந்து தோல் கறுக்காது என்று என் மகளுக்கு அவ்வீட்டு அம்மாள் காட்டிக் கொடுத்தார். அன்று முழுவதும் அவள் வைக்கோல் பரப்பிய பெட்டியில் காய்களை அடுக்கினாள். மாலையில் கடற்கரைக்குப் போகலாம் என்று அழைத்தபோது, "இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது" என்றாள். விருந்தினர் பணம் கொடுப்பது இந்த அனுபவத்திற்கே அன்றி நான்கு சுவர்களுக்கன்று.

இரண்டாம் நாள் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் கைபேசியில் அலுவலக விஷயம் பேசிக்கொண்டிருந்தேன். ஆறு வயதான என் மகன் கன்றுக்குட்டியின் பின்னால் ஓடி, தொழுவத்திற்கு அப்பால் இருந்த கைப்பிடிச் சுவரில்லாத பழங்கிணற்றின் விளிம்புக்கே சென்றுவிட்டான். விவசாயியின் தாயார் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால், இன்று நான் இவ்விடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அன்று மாலையே அந்த விவசாயி மூங்கில் வேலி கட்டினார். "எங்கள் பிள்ளைகளுக்குக் கிணறு இருக்கும் இடம் தெரியும். உங்கள் பிள்ளைக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லையே" என்று வருந்தினார். தவறு அவருடையது மட்டுமன்று, என்னுடையதும்தான். ஆயினும் அவர் சொன்ன வாக்கியத்தை விருந்தினரை ஏற்க விரும்பும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். நமக்குப் பழகிய தோட்டம் வருகிறவருக்குப் புதிய இடமாகும்.

வரவு செலவுக் கணக்கை அவ்வீட்டு அம்மாளே எழுதி வந்தார். ஆண்டில் அறுபது நாட்களுக்கு மேல் ஆள் வருவதில்லை. ஜூன் முதல் நான்கு மாத மழைக்காலம் அறைகள் பூட்டியே கிடக்கும். வரும் பணம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் சேர்கிறது. சமைப்பதும் துடைப்பதும் அவரே ஆதலின் அதுவே நியாயம். மாம்பூ கருகி விளைச்சல் குறைந்த ஓராண்டில், இப்பணமே வட்டிக் கடனிலிருந்து குடும்பத்தைக் காத்தது என்று கூறினார். இதனை ஊடுபயிர் என்றே நான் கருதுகிறேன். ஊடுபயிருக்காக முதற்பயிரை அழிப்பவர் எவரும் இல்லை.

இத்தாலி நாட்டினர் இக்கருத்தைச் சட்டமாகவே செய்துள்ளனர். அங்கே 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2006இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. விருந்தோம்பல் விவசாயத்தோடு இணைந்திருக்க வேண்டும். விவசாயமே முதன்மையாக நிற்க வேண்டும். பண்ணையில் முன்பே உள்ள கட்டடங்களைப் பயன்படுத்தலாம். இவை அச்சட்டத்தின் சாரம். பத்து விருந்தினருக்கு மேற்படாத இடத்தில் விவசாயமே முதன்மை என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இவ்வரம்புகளுக்கு உட்பட்டே அந்நாட்டில் 25,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இத்தொழிலை நடத்தி வருகின்றன.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது தண்ணீர். மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் உவர்நீரின் மீது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞர்களின் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால், உவர்நீர் 20 மீட்டர் மேலேறி வரக்கூடும். இருபது அறைகளுக்கு இறைக்கும் மோட்டார் ஒருவருடைய நிலத்தில் ஓடும். உப்பு நீரோ பக்கத்து வயலுக்காரரின் கிணற்றிலும் ஏறும். ஆகவே இது ஒருவருடைய சொந்த விஷயமன்று, ஊராட்சியின் விஷயம்.

எனவே, விருந்தினரை ஏற்க விரும்புவோருக்கு நான் கூறும் யோசனைகள் இவை. உள்ள வீட்டைச் செப்பனிட்டு, இரண்டு அறைகளோடு தொடங்குங்கள். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும், வீட்டின் அடித்தள அளவையும் முகப்பையும் மாற்றாமல் உள்ளூர் மக்கள் விருந்தினரைத் தங்க வைப்பதற்கு இடமளிக்கிறது. கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள். கழிவுநீர்க் குழியைக் கிணற்றினின்று இயன்ற தொலைவில் அமையுங்கள். மருந்து தெளித்த பகுதிக்குள் விருந்தினரை விடாதீர்கள். மாட்டைத் தொட்ட குழந்தைகள் சோப்பிட்டுக் கை கழுவிய பிறகே உண்ண வேண்டும் என்று எழுதி வையுங்கள். கடலில் இறங்கத் தகாத இடங்களை மீனவரிடம் கேட்டறிந்து முன்கூட்டியே சொல்லுங்கள். கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பாதீர்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோப்பை அழித்து விடுதி கட்ட விண்ணப்பம் வரும்பொழுது, எத்தனை அறைகள் என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று கேளுங்கள். விடை திருப்தி அளிக்காவிடில், கிராம சபையில் வைத்து அனைவர் முன்னிலையிலும் விவாதியுங்கள்.

ஊர் திரும்பிய பின் என் மகள் கேட்டது மாமரங்களையும் அந்தக் கன்றையும் பற்றியே. அறையைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மரமும் மாடும் உள்ள வரையில்தான் விருந்தினர் நம்மைத் தேடி வருவர். அவர்கள் வராத ஆண்டிலும் நமக்குச் சோறு அளிப்பவை அவையே.