கண்ணுக்குப் புலப்படாத மதில்

ஒரு கல்லூரியை எண்ணிப் பாருங்கள். மாணவர் பயிலும் கணினிக்கூடம் ஒருபுறம்; கட்டணம் பெறும் அலுவலகம் மற்றொருபுறம்; வினாத்தாளும் மதிப்பெண்ணும் காக்கப்படும் தேர்வுப் பிரிவு வேறொருபுறம். இம்மூன்று இடங்களிலிருந்தும் வரும் கம்பிகள் யாவும் ஒரே பெட்டியில் சென்று முடிகின்றன. அப்பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்கை ஏற்றி அணைக்கும் ஸ்விட்ச் அன்று இது. வந்த செய்தியை உரிய இடத்திற்கு அனுப்பிவைக்கும் கருவி. அதன் முகப்பில் கம்பிகளைச் செருகுவதற்கென வரிசையாக அமைந்தவை போர்ட்டுகள். அவற்றை நான் வாயில்கள் என்றே சொல்லப்போகிறேன். எல்லாக் கம்பிகளும் ஓரிடத்தில் கூடும்போது, தேர்வுப் பிரிவை மட்டும் தனியே காப்பது எங்ஙனம்? இதுவே நம் முன் உள்ள வினா.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், 1973-இல் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈத்தர்நெட் முறையை உருவாக்கத் தொடங்கினர். அதன் தொடக்க வடிவில் கணினிகள் அனைத்தும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசினால் எல்லாம் கேட்கும். பின்னர் வந்த ஸ்விட்ச், எந்தக் கணினி எந்த வாயிலில் உள்ளது என்பதைக் கற்றுக்கொண்டு, செய்தியை அங்கு மட்டும் அனுப்பியது. எனினும் எல்லோருக்கும் பொதுவாக விடுக்கப்படும் அறிவிப்புகள் எல்லா வாயில்களுக்கும் சென்றுகொண்டே இருந்தன.

இதற்குக் கண்ட வழிதான் வீலேன் எனப்படும் மெய்நிகர் வலையமைப்பு. பெட்டி ஒன்றே; அதைப் பல பெட்டிகள் போல நடக்கச் செய்வதே இதன் நுட்பம். 24 வாயில்கள் உள்ள ஒரு ஸ்விட்சில் முதல் 16 வாயில்களுக்கு 10 என்ற எண்ணையும், அடுத்த நான்கிற்கு 20 என்ற எண்ணையும், இறுதி நான்கிற்கு 30 என்ற எண்ணையும் இடுகிறோம் என்று கொள்வோம். 30-இல் எழுந்த அறிவிப்பு 30-ஐ உடைய வாயில்களுக்கே செல்லும், 10-ஐ எட்டாது. ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்குப் போகவேண்டிய செய்தி, ரூட்டர் எனும் வழிகாட்டும் கருவியைக் கடந்தே போகவேண்டும். அங்கே யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று விதி செய்யலாம்.

இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே ஒரே கம்பியில் பல வீலேன்களின் செய்திகள் செல்லும்போது அவை கலந்துவிடாவோ? கலவா. 1998-இல் வெளிவந்த 802.1கியூ என்னும் தரவிதிப்படி, ஒவ்வொரு செய்திப் பொதியிலும் நான்கு பைட் அளவுள்ள அடையாளச் சீட்டு ஒன்று செருகப்படுகிறது. அதில் வீலேன் எண்ணுக்கு உரியவை 12 பிட்டுகள். அவற்றால் எழுதக்கூடிய 4096 எண்களில் முதலும் கடைசியும் நீங்க, 4094 எண்கள் பயன்படும்.

இனி, ஒரு வாயில் வீலேனில் சேர்வது எப்படி? பொறுப்பாளர் தம் கையால் எண்ணைக் குறித்துவைப்பது ஒரு முறை. வந்தவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தர, அவற்றைச் சரிபார்க்கும் சர்வர், “இவருக்கு இந்த எண்” என்று ஸ்விட்சுக்குச் சொல்வது மற்றொரு முறை. இம்முறையில் அவர் வெளியேறினால் அந்த உரிமையும் உடன் நீங்கும்.

ஸ்விட்சுகள் தமக்குள்ளே பேசிக்கொள்ளும் முறையும் உண்டு. ஜி.வி.ஆர்.பி. என்னும் நெறியில், “இந்த வீலேன் எனக்கு வேண்டும்” என்று ஒரு ஸ்விட்ச் அறிவித்தால், அதைக் கேட்ட வாயில் அதில் சேர்கிறது. “இனி வேண்டா” என்ற சொல் வந்தாலோ அக்கணமே விலகுவதில்லை. வேறு எவருக்கேனும் இன்னும் தேவை இருக்குமோ என்று, வழக்கமாக 0.6 விநாடி காத்திருக்கிறது. குரல் எழவில்லையெனில் விலகுகிறது. விலகுவதற்கும் ஒரு முறைமை வகுத்த பண்பு இதில் விளங்குகின்றது.

கையால் எண்ணிட்ட வாயிலுக்கோ இத்தகைய நினைவூட்டல் இல்லை. தேர்வுப் பிரிவு வேறு அறைக்கு மாறிச் செல்கிறது. பழைய அறையின் சுவரில் கம்பிமுனை அப்படியே நிற்கிறது. அதன் மறுமுனையிலுள்ள வாயில் இன்னும் 30-ஆகவே இருக்கிறது. அங்கு வந்து கணினியைச் செருகுபவர் யாராயினும், ஸ்விட்ச் அவரைத் தேர்வுப் பிரிவினராகவே கொள்ளும். வாயில் அறிவது எண்ணை மட்டுமே, ஆளை அன்று. ஒரு மாணவர் தலைமுறையின் மதிப்பெண்கள் ஒரு மறதியில் தொங்குவது அறமாகுமா?

அவ்வெண்ணை நீக்கினால் மட்டும் போதுமோ எனில், போதாது. நீக்கப்பட்ட வாயில் பெரும்பாலும் 1 என்னும் இயல்பு எண்ணுக்கே திரும்பும். அதில் வேறு கருவிகள் இருக்கக்கூடும். ஆகவே பயனற்ற வாயிலை எவரும் இல்லாத ஓர் எண்ணில் ஒதுக்கி, அடைத்துவைப்பதே தக்கது.

செங்கல்லால் எழுந்த மதிலில் பிளவு விழுந்தால் வழிப்போக்கனும் காண்பான். எண்ணால் எழுந்த மதிலின் பிளவை, ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவரே காண்பர். நாளை இத்துறையில் பணியேற்கவிருக்கும் மாணவர்கள், வாயிலைச் சேர்க்கும் நாளிலேயே அதை விலக்கவேண்டிய நாளையும் குறித்துவைக்கும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக.