இரண்டு லேப்டாப், ஒரு லட்சம் ரூபாய்

(நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில், பி பிளாக்கில் குடியிருக்கும் கிராபிக் டிசைனர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"லேப்டாப் பற்றி ஒரு இருபது நிமிடம் பேசுங்கள் மேடம்" என்று செயலாளர் சார் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு லோகோ, பள்ளி ஆண்டு மலர் என்று வீட்டிலிருந்தே டிசைன் செய்துகொடுப்பவள். ஆனால் ஜூன், ஜூலை வந்தால் லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பையன் விஸ்காம் சேர்ந்திருக்கிறான், எந்த லேப்டாப் வாங்கலாம்?" லிஃப்ட் நான்காவது மாடிக்குப் போவதற்குள் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

சி பிளாக்கில் ஒரு குடும்பம். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மகள் விஸ்காம் முதல் வருடம் முடித்துவிட்டாள். பக்கத்துத் தெரு பிரஸ்ஸிலிருந்து விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் என்று சின்னச் சின்ன ஆர்டர்களும் எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். இதுவரை அண்ணனின் பழைய லேப்டாப்பில் ஓட்டினாள். அப்பாவுக்குச் சீட்டுப் பணம் ஒரு லட்சம் வந்தது. கடைக்குப் போனார்கள். இரண்டு லேப்டாப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ஒன்று, மேக்புக் ஏர் எம்4. 13 அங்குலம், 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. இன்னொன்று, விண்டோஸ் கேமிங் லேப்டாப். 15.6 அங்குலம், 16 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பு, தனி கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை.

"டிசைனர் என்றால் மேக்தான் வாங்கணும் என்கிறார்கள். கடைக்காரர் கிராபிக்ஸ் வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் எப்படி என்கிறார். நீங்கள் சொல்லுங்கள் மேடம்" என்றார் அப்பா. நான் பல வருடமாக மேக் வைத்திருப்பவள். வாயில் வந்த பதில் அதுதான். நல்லவேளை, சொல்வதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நீ கடைசியாகச் செய்த பத்து வேலை என்னென்ன? வரப்போகும் வருடம் என்ன பாடம்? ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா."

நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்த லேப்டாப் நல்லது என்று கேட்பது, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் பஸ்ஸா ரயிலா என்று கேட்பது மாதிரி.

அவள் தாளோடு வருவதற்குள், லேப்டாப்பில் பார்க்க வேண்டிய நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் திரை. இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். தொழில் ஆரம்பித்த புதிதில் விலை குறைந்த ஒரு லேப்டாப் வாங்கினேன். அறுபதாம் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. உள்ளே தம்பதியின் படம். என் திரையில் அவர்கள் முகம் வெளிறித் தெரிந்தது. நிறத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பட்டுப்புடவையின் அரக்கும் மங்கலாக இருந்தது, அதையும் கூட்டினேன். 500 பத்திரிகை அச்சாகி வந்தன. இருவர் முகமும் வெயிலில் நின்று சிவந்த மாதிரி! மங்கலாக இருந்தது படம் இல்லை, என் திரை. மொத்தத்தையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எஸ்ஆர்ஜிபி என்ற அளவில் 100 சதவீதம், அல்லது அதற்கு மிக அருகில் இருந்தால் டிசைன் வேலைக்குப் போதும். விலை குறைந்த பல லேப்டாப்புகளில், கேமிங் லேப்டாப்புகள் சிலவற்றிலும்கூட, "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று போட்டிருப்பார்கள். அது எஸ்ஆர்ஜிபி கணக்கில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேலேதான் வரும். சிவப்பும் பச்சையும் அதில் சோகையாகத் தெரியும். மேக்புக் ஏரின் திரை எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான பி3 அளவைக் காட்டும், வெளிச்சமும் 500 நிட்ஸ். சி பிளாக் பெண் பார்த்த கேமிங் லேப்டாப்பில் 45 சதவீதம் என்டிஎஸ்சி, 250 நிட்ஸ். கடையில் இதை யாரும் சொல்லவில்லை. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடிப் பார்த்தோம்.

இரண்டாவது ரேம். ஏ3 அளவு போஸ்டர் ஒன்றை அச்சுத் தரத்தில், அதாவது 300 டிபிஐ-யில் செய்தால், அதில் 3508-க்கு 4961 புள்ளிகள். மொத்தம் ஒரு கோடியே 74 லட்சம். அச்சுக்கான நான்கு நிறக் கணக்கில் ஒரு முழு லேயர் மட்டுமே சுமார் 70 எம்பி. இருபது லேயர் என்றால் 1.4 ஜிபி. இதோடு பிரவுசர், வாட்ஸ்அப், இன்னொரு மென்பொருள் எல்லாம் திறந்திருக்கும். போட்டோஷாப்புக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நல்லது என்று அடோபியே சொல்கிறது. ஆகவே இன்றைக்கு 16 ஜிபி-க்குக் கீழே போகாதீர்கள்.

மூன்றாவது, கிராபிக்ஸ் கார்டு. பெயரில் கிராபிக்ஸ் இருப்பதால் கிராபிக் டிசைனுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம். லோகோ, பத்திரிகை, புத்தக அட்டை, சோஷியல் மீடியா போஸ்டர் இவற்றுக்கு விலை கூடிய தனி கார்டு தேவையில்லை. 3டி உருவங்கள், வீடியோ எடிட்டிங், அனிமேஷன் என்று போகும்போதுதான் அது கொடுத்த காசுக்கு உழைக்கும். அங்கே ஏருக்கு ஒரு குறை உண்டு. அதில் மின்விசிறியே கிடையாது. சத்தம் இருக்காது, ஆனால் கனமான வேலையை நீண்ட நேரம் கொடுத்தால் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமிங் லேப்டாப்பின் குறை வேறு. சார்ஜரைப் பிடுங்கினால் வேகம் இறங்கிவிடும், பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். எடையும் இரண்டு கிலோவுக்கு மேல். அதன் அடாப்டரே ஒரு செங்கல். ஏர் 1.24 கிலோதான். மின்சார ரயிலில் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான்காவது, மென்பொருள். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் ஓடும். தமிழ் எழுத்துகள் உடையாமல் வர, அவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இரண்டுக்கும் பொது. பிளெண்டரும் இரண்டிலும் ஓடும். ஆனால் 3டிஎஸ் மேக்ஸ் விண்டோஸில் மட்டும்தான். கோரல்டிரா 2019-இல் மேக்குக்குத் திரும்பி வந்தது. ஆனாலும் நம் ஊர்ப் பிரஸ்களில் பார்த்தால் பெரும்பாலும் விண்டோஸ் கோரல்தான், அதுவும் பழைய பதிப்புகள். பழைய தமிழ் எழுத்துருக்களில் டைப் செய்கிற பிரஸ்களும் இன்னும் இருக்கின்றன. அதற்குப் பலர் வைத்திருக்கும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது. யூனிகோடில் மட்டும் வேலை என்றால் மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கூடவே வருகின்றன, கவலை இல்லை.

இப்போது அந்தப் பெண்ணின் தாளுக்கு வருவோம்.

பத்தில் ஆறு வேலை, பிரஸ்ஸுக்குக் கோரல் ஃபைலாகவே கொடுத்தது. பிடிஎஃப் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். "இல்லை ஆன்ட்டி, கஸ்டமர் வந்து ஃபோன் நம்பரை மாற்றச் சொன்னால் அவர்களே திறந்து மாற்றுவார்கள்" என்றாள். மூன்று, இன்ஸ்டாகிராம் போஸ்டர். ஒன்று, சின்ன வீடியோ. அடுத்த வருடப் பாடத்தில் 3டி உண்டு, கல்லூரி லேபில் 3டிஎஸ் மேக்ஸ்.

தாளைப் பார்த்ததும் என் பதில் மாறிவிட்டது. என் வேலைக்கு மேக் சரி. இவள் வேலைக்கு விண்டோஸ். அப்படியென்றால் அந்த மங்கல் திரையை என்ன செய்வது?

இங்கேதான் உங்களுக்கும் உதவுகிற ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு குறையையும் பார்த்து, "இதைப் பின்னால் சரிசெய்ய முடியுமா?" என்று கேளுங்கள். மேக்கில் ரேமைப் பின்னால் கூட்டவே முடியாது. வாங்கும் அன்று இருப்பதுதான் கடைசி வரை. சேமிப்பு போதாவிட்டால் வெளியே ஒரு எஸ்எஸ்டி சேர்த்துக்கொள்ளலாம். அதில் விண்டோஸ் மட்டும் ஓடும் மென்பொருளை நேரடியாகப் போடவும் முடியாது. முன்பு இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் என்ற வழி இருந்தது, ஆப்பிளின் சொந்த சிப் வந்த பிறகு அது இல்லை. விண்டோஸ் லேப்டாப்பில் ரேமுக்குக் காலி இடம் இருந்தால் பின்னால் சேர்க்கலாம். எல்லா மாடலிலும் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். எடையைக் குறைக்க முடியாது. ஆனால் திரையை? வெளியே ஒரு மானிட்டர் வைத்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் முடிவாயிற்று. அவர்கள் பார்த்த கேமிங் லேப்டாப்பில், கிராபிக்ஸ் கார்டு ஒரு படி குறைந்த மாடலை எடுத்தார்கள். ரேமுக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது. மிச்சமான பணத்தில் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர், எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள். கல்லூரிக்கு லேப்டாப் போகும். நிறத்தை இறுதி செய்வது மட்டும் வீட்டு மேஜையில், மானிட்டரில். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள்.

முதுகில் சுமை கூடத்தான். அவளே சொன்னாள், "சுமந்துக்கறேன் ஆன்ட்டி, பிரஸ் ஆர்டர் போகக் கூடாது." முதல் மாதம் வந்த பணத்தில் அப்பாவிடம் மூவாயிரம் கொடுத்திருக்கிறாள். அவர் வாங்கவில்லை, ஆனால் என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அவளுடைய தாளில் புத்தக அட்டையும் போஸ்டரும் மட்டும் இருந்திருந்தால், பிரஸ் பிடிஎஃப் போதும் என்றிருந்தால், யோசிக்காமல் ஏர் வாங்கச் சொல்லியிருப்பேன். அதனால் "அந்தம்மா விண்டோஸ் வாங்கச் சொன்னார்" என்று மட்டும் நாளைக்கு யாரும் சொல்லிவிடாதீர்கள்!

கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியவை சில. உங்கள் வீட்டுப் படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பட்டுப்புடவையும் முகமும் உள்ள படம் நல்லது. இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே படத்தைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் மேக்கில் ட்ரூ டோனையும் நைட் ஷிஃப்டையும், விண்டோஸில் நைட் லைட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெளிச்சத்தை இரண்டிலும் முழுதாக வையுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள், நிறம் மாறினால் அந்தத் திரை வேண்டாம். ரேமுக்குக் காலி இடம் உண்டா என்று கேளுங்கள். மாணவர் சலுகை உண்டா என்று கேளுங்கள், கல்லூரி அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று. எந்த லேப்டாப்பாக இருந்தாலும், முதல் பிரதி அச்சானதும் அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பிரதி. 500 அடித்த பிறகு பார்க்காதீர்கள். அதை நான் உங்களுக்காக ஏற்கெனவே செய்துவிட்டேன்.

இனி லிஃப்டில் என்னை நிறுத்துபவர்கள் தாராளமாக நிறுத்தலாம். கையில் அந்தத் தாள் மட்டும் இருக்கட்டும்.